கத்திரி வெயிலில் அடுப்படிப் பக்கமே போக முடியவில்லை: பகல் சாப்பாட்டுக்கும் மொட்டைமாடித் தணலுக்கும் யோசனை சொல்லுங்கள்

மாடிவீட்டுக்காரி (வேலூர்)
மே 6, காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து இன்றோடு மூன்று நாள். எங்கள் வீடு இரண்டாவது மாடி. அதற்கு மேல் வெறும் தளம்தான். அடுப்படி மேற்குப் பார்த்தது. பகல் முழுக்கத் தளம் குடித்த சூடு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வீட்டுக்குள் இறங்குகிறது. அந்த நேரத்தில்தான் நானும் ராத்திரிச் சமையலுக்கு நிற்கிறேன். நேற்று சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தபோது தலை சுற்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் ஆறு பேர். நாங்கள் இருவர், 9 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பையன்கள், மாமனார், மாமியார். மாமியார் மட்டும் சைவம். பையன்களுக்கு லீவு, அதனால் மூன்று வேளையும் வீட்டில்தான் சாப்பாடு.

இரண்டு விஷயத்துக்கு யோசனை வேண்டும். பகலில் அடுப்பைப் பெரிதாக மூட்டாமல் என்ன சமைக்கலாம்? அப்புறம், பெரியவன் ஒரு உறவுக்காரர் வீட்டு மாடியில் கோழியைக் கரியில் சுட்டதைப் பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டிலும் செய்யலாம் என்று தினமும் கேட்கிறான். வருகிற ஞாயிறு செய்யலாமென்று சொல்லிவிட்டேன். ஆனால் நான் இதுவரை கரியடுப்பு பற்றவைத்ததே இல்லை. கடையில் விற்கிற பார்பிக்யூ அடுப்பு வாங்கவும் மனசில்லை. வருஷத்தில் நாலு நாளுக்கு மேல் எடுக்கமாட்டோம்.

விடியற்காலை (சேலம்)
மே 6, காலை 11.15

அக்கா, முதலில் உடம்பைப் பாருங்கள். தலை சுற்றினால் மோரில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு காற்றாட உட்காருங்கள். சப்பாத்தியெல்லாம் ஜூனுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் வேலைக்குப் போகிறவள். ஏப்ரல் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கு மேல் காஸ் எரியாது. ஐந்து மணிக்கு எழுந்தால் காற்றும் இருக்கும், தளமும் குளிர்ந்திருக்கும். சாதத்துக்குத் தெர்மல் குக்கர். புழுங்கலரிசியைப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கொதிக்கவிட்டு உள்பாத்திரத்தோடு எடுத்து வெளிப்பாத்திரத்துக்குள் இறக்கி மூடினால் ஒரு மணி நேரத்தில் அதுவே வெந்துவிடும். நெருப்பு எரிவது அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான். கஞ்சியை வடித்து உப்பும் மோரும் சேர்த்துப் பதினோரு மணிக்குக் குடித்தால் வெயிலுக்குப் பெரிய துணை.

கோடையில் தேங்காய் அரைத்த குழம்பு வேண்டாம். மத்தியானத்துக்குள் நாற்றம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பும் புளிக்காய்ச்சலும் செய்துவைத்தால் புதன் வரைக்கும் குழம்புக் கவலை கிடையாது. தயிர்சாதம் கட்டுவதென்றால் ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து, ஆறியதும் ஒன்றரை டம்ளர் பாலும் இரண்டு கரண்டித் தயிரும் மட்டும் ஊற்றிப் பிசையுங்கள். ஒரு மணிக்குத் திறக்கும்போது சரியான புளிப்பில் இருக்கும். காலையிலேயே முழுக்கத் தயிர் ஊற்றினால் மத்தியானம் வாயில் வைக்க முடியாது.

சோத்துப்பானை (தஞ்சாவூர்)
மே 6, மதியம் 12.05

தங்கச்சி, பதில் உன் வீட்டுப் பானையிலேயே இருக்கிறது. ராத்திரிச் சாதத்தை ஒரு படி கூட வடி. நன்றாக ஆறியபின் மண்சட்டியில் போட்டு, சோறு முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடிவை. குளிர்காலத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஊறவேண்டும். இந்த வெயிலுக்கு எட்டு மணி நேரம் போதும். ராத்திரி பத்து மணிக்கு ஊற்றினால் காலை ஆறு, ஏழுக்குப் பதம். அதற்குமேல் மேடையிலேயே விட்டால் பொங்கிப் புளித்து வாடை மாறும். பானைக்கு அடியில் ஈர மணலை ஒரு தட்டில் பரப்பிவைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சோற்றைச் சூட்டோடு மூடிவைத்துவிட்டு விடிந்தபின் தண்ணீர் ஊற்றுவது கூடவே கூடாது. அப்படிச் செய்கிற வீட்டில்தான் வயிற்றுக்கோளாறு வரும்.

கையால் பிசைந்து, நீராகாரத்தோடு கட்டித்தயிர் கொஞ்சம், கல்லுப்பு, நறுக்காமல் தட்டிப்போட்ட சின்ன வெங்காயம். தொட்டுக்கொள்ள மாவடு, மோர் மிளகாய், சுட்ட அப்பளம். பையன்கள் முகம் சுளித்தால் முதல் நாள் மாங்காயைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவி உடன் வை. மூன்றாம் நாள் அவர்களே கேட்பார்கள். என் பேரன்கள் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.

நொய்யல்கரை (ஈரோடு)
மே 6, மதியம் 12.40

எங்கள் பக்கத்துப் பச்சைப்புளி ரசத்தை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். அடுப்பே வேண்டாம். எலுமிச்சை அளவு புளியை நாலு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். பத்துச் சின்ன வெங்காயம், கொஞ்சம் சீரகம், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் கையாலேயே நசுக்கி அதில் போடுங்கள். சுண்டைக்காயளவு வெல்லம். காரத்துக்கு மட்டும் நாலு வரமிளகாயைத் தணலில் சுட்டு நொறுக்கிப் போடவேண்டும். சுட்ட மிளகாய் வாசம்தான் இந்த ரசத்துக்கு உயிர். தாளிப்பு கூடத் தேவையில்லை. சுடுசோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால் இறங்குவதே தெரியாது.

அப்புறம் வெள்ளரிப்பிஞ்சு கோசுமல்லி. பாசிப்பருப்பை ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரி, துருவிய மாங்காய், எலுமிச்சை. உப்பைப் பரிமாறும்போது போடுங்கள், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும்.

குமுட்டி (கும்பகோணம்)
மே 6, பிற்பகல் 3.20

மாடிவீட்டம்மா, எனக்கு 68 வயது. நீங்கள் பார்பிக்யூ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக் குமுட்டி அடுப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. காஸ் வருவதற்கு முன்னால் காப்பிக்கும் அப்பளத்துக்கும் அதுதான். இரும்பு வாளிக்குள் களிமண் பூசி, நடுவில் கம்பிச்சல்லடை வைத்து, கீழே காற்றுக்கு ஒரு வாய் விட்டிருப்பார்கள். கரியைப் போட்டு விசிறியால் விசிறினால் பத்து நிமிஷத்தில் தணல். கோடையில் என் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அடுப்படிக்குள் சூடே சேராது. முற்றத்தில் நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, அப்பளம், கத்திரிக்காய், சேப்பங்கிழங்கு என்று ஒவ்வொன்றாகச் சுட்டுப்போடுவாள்.

சுடுவது நமக்குப் புதுசில்லை. கோழி ஒன்றுக்காக மட்டும் நெருப்பு மூட்டாதீர்கள். அந்த ஒரு தணலிலேயே மறுநாள் காலைக்கும் மத்தியானத்துக்கும் வேண்டியதைச் சுட்டுவைத்துவிடலாம். கத்திரிக்காய் சுட்டுவைத்தால் மறுநாள் கொத்சு. மிளகாய் சுட்டுவைத்தால் மேலே ஒருவர் சொன்ன பச்சைப்புளி ரசம். பகலில் அடுப்பு மூட்டாமலிருக்கவே ராத்திரி ஒரு தடவை கரி மூட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாடிவீட்டுக்காரி (வேலூர்)
மே 6, மாலை 5.50

அம்மா, நீங்கள் சொன்னதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வீட்டிலும் குமுட்டி இருந்ததாம். அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சுடுவதென்றால் கோழி என்றுதான் நினைத்திருந்தேன். மாமியார் சாப்பிடுவதற்கும் அதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் குமுட்டி ஆறு பேருக்குக் காணுமா? கரி எங்கே கிடைக்கும், எவ்வளவு வாங்கவேண்டும்? தளம் வெடித்துவிட்டால் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார்.

கரிமூட்டம் (ராமநாதபுரம்)
மே 6, இரவு 9.10

அக்கா, கரி எங்கள் ஊர்த் தொழில். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரிதான் எங்கள் மாவட்டத்திலிருந்து வெளியே போகிறது. உங்கள் ஊரில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள். அவர் எங்கே வாங்குகிறாரோ அங்கேயே நீங்களும் வாங்கலாம். ஆறு பேருக்கு, முதல் தடவைக்கு, இரண்டு கிலோ போதும். கட்டைவிரல் பருமனுக்கு மேல் இருக்கிற துண்டாகப் பொறுக்கி எடுங்கள். தூளாக இருந்தால் காற்று போகாமல் புகைதான் வரும். கொட்டாங்குச்சிக் கரி கிடைத்தால் இன்னும் நல்லது, நின்று எரியும்.

அடுப்புக்குச் செங்கல் போதும். முதலில் தளத்தில் மூன்று விரல்கடை உயரத்துக்கு மணல் கொட்டுங்கள். அதன்மேல் ஒரு வரிசை செங்கல் படுக்கவைத்து, அதற்குமேல் மூன்று பக்கமும் இரண்டு வரிசை சுவர். தணல் நேராகச் சிமெண்டில் பட்டால் பூச்சு வெடித்துத் தெறிக்கும், அதற்குத்தான் மணல். மேலே வைக்கிற வலை எவர்சில்வரோ கறுப்பு இரும்போ இருக்கட்டும். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற, துத்தநாகம் பூசிய வெள்ளைக் கம்பிவலையை உணவுக்கு வைக்கக்கூடாது, சூட்டில் அந்தப் பூச்சு நல்லதில்லை.

பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். சாப்பாடு முழுக்க அந்த வாடை ஏறும், ஊற்றும்போது தீ கைக்கு வரும். தேங்காய் நார் ஒரு பந்து, அதன்மேல் உடைத்த கொட்டாங்குச்சி இரண்டு, அதன்மேல் கரியைக் கோபுரமாக அடுக்கி அடியில் நெருப்பு வையுங்கள். பிறகு பொறுமை. எல்லோரும் தவறுவது இங்கேதான். மேலே தீ எரிகிறபோதே கோழியைப் போட்டு வெளியே கருக்கி உள்ளே பச்சையாக எடுப்பார்கள். தீ அடங்கி, கரி மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கவேண்டும். அதற்கு முப்பது நாற்பது நிமிஷம் ஆகும். அப்புறம் தணலை ஒரு பக்கம் குவித்து, மறுபக்கம் மெலிதாகப் பரப்புங்கள். ஒரு பக்கம் கடுஞ்சூடு, மறுபக்கம் இளஞ்சூடு. கருகப் பார்த்தால் பொருளை நகர்த்தினால் போதும்.

பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளித் தண்ணீர். பருத்திப் புடவையோ நைட்டியோ கட்டிக்கொள்ளுங்கள், நைலான் துப்பட்டா வேண்டாம்.

குன்னூர்க்காரன்
மே 6, இரவு 10.25

இதைப் பெரிதாக எழுதிவைக்கச் சொல்லுங்கள்: தணலை எந்தக் காரணத்துக்கும் வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது. புகை இல்லையே என்று தோன்றும். கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதம் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். முற்றத்தில் சோளமும் கோழியும் சுட்டோம். இங்கே கோடையிலும் ராத்திரி குளிரும். மிச்சத் தணல் இருந்த வாளியைக் குளிருக்கு ஆகட்டும் என்று படுக்கை அறையில் வைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். எனக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு அவர்களில் ஒருவருக்குத் தலைவலி தாங்காமல், வாந்தியெடுக்க எழுந்தார். அவர் எழுந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். எல்லோரையும் வெளியே இழுத்துப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த ராத்திரியை நான் மறக்கவே மாட்டேன். மழை வந்தாலும் சரி, அடுப்பை மாடிப்படி அறைக்குள் இழுக்காதீர்கள். கண்ணாடி போட்டு மூடிய பால்கனியும் அறை மாதிரிதான்.

மாடிவீட்டுக்காரி (வேலூர்)
மே 7, காலை 7.30

படித்ததும் உடம்பு நடுங்கிவிட்டது. கணவருக்கும் காட்டினேன். திறந்த மாடி மட்டும்தான், உறுதி.

மீனும் போடலாமா என்று மாமனார் கேட்கிறார்.

வலைக்காரர் மகள் (நாகப்பட்டினம்)
மே 7, காலை 9.00

போடலாம் அக்கா, ஆனால் எந்த மீன் என்று தெரிந்து வாங்குங்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுகிற காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இப்போது உங்கள் ஊர்ச் சந்தையில் பெரிய வஞ்சிரம் இருந்தால் அது மேற்குக் கடற்கரையிலிருந்து வந்ததாகவோ ஐஸில் நாள்கணக்காகக் கிடந்ததாகவோ இருக்கும். விலையும் தலைக்குமேல். நாட்டுப்படகில் வருகிற சங்கரா, மத்தி போன்றவை கடற்கரை ஊர்களில் கிடைக்கும், வேலூருக்கு வந்து சேர்வது கஷ்டம்.

நீங்கள் இந்த இரண்டு மாதம் ஏரி மீனுக்குப் போங்கள். அரைக்கிலோவுக்குள் இருக்கிற ஜிலேபி கெண்டை சுடுவதற்கு அருமை. செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். சதையை விரலால் அமுக்கினால் குழி விழாமல் எழும்பவேண்டும். முழு மீனில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று கீறல். மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கெட்டிப்புளிக் கரைசல் சேர்த்து அரைத்துத் தடவி அரைமணி நேரம் வையுங்கள். அதற்குமேல் புளிப்பில் ஊறினால் சதை துவண்டு வலையில் ஒட்டும். வாழையிலையை நெருப்பில் வாட்டி, எண்ணெய் தடவி, மீனைப் பொதிந்து நாரால் கட்டி இளஞ்சூட்டுப் பக்கம் வையுங்கள். பக்கத்துக்கு எட்டு நிமிஷம். இலை கருகினாலும் உள்ளே மீன் ஆவியில் வெந்திருக்கும்.

தடைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாடு கருவாடுதான். வாளைக் கருவாட்டைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, தணல் அடங்குகிற நேரத்தில் வலையில் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுட்டு, பழைய சோற்றோடு சாப்பிடுவோம். எங்கள் அப்பாவுக்கு அது இருந்தால் வேறொன்றும் வேண்டாம். மாடியில் சுட்டால் தெருவுக்கே வாசம் போகும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கறிச்சட்டி (திண்டுக்கல்)
மே 7, காலை 10.15

கோழிக்கு நான் சொல்கிறேன். தொடைக்கறியும் கால்துண்டும் மட்டும் வாங்குங்கள், மார்புக்கறி காய்ந்துபோகும். ஒரு கிலோவுக்குக் கெட்டித்தயிர் நாலு கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒன்று, மஞ்சள் அரை, கடலெண்ணெய் இரண்டு கரண்டி, உப்பு. எலும்பு வரை ஆழமாகக் கீறித் தடவி நாலு மணி நேரம் ஊறவிடுங்கள். சுடுவதற்கு முன்னால் குக்கரில் அரைவேக்காடு வேகவைத்துவிட்டால் பச்சையாக இருக்குமோ என்ற பயமே இல்லை.

நொய்யல்கரை (ஈரோடு)
மே 7, காலை 10.50

மசாலா சரி. ஆனால் நாலு மணி நேரம் எங்கே ஊறவேண்டும் என்று சொல்லுங்கள். இந்த வெயிலில் சமையல் மேடையில் வைத்தால் கறி கெட்டுப்போகும். போன சித்திரையில் எங்கள் வீட்டிலேயே அப்படி வைத்து மூன்று பேருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. ஃப்ரிட்ஜில்தான் ஊறவேண்டும்.

குக்கரில் வேகவைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். சாறெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும், அப்புறம் சுட்டு என்ன பலன்? இளஞ்சூட்டுப் பக்கம் வைத்து, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடி, முப்பது நாற்பது நிமிஷம் நிதானமாக விடுங்கள். கடைசி மூன்று நிமிஷம் கடுஞ்சூட்டில் புரட்டினால் போதும்.

கறிச்சட்டி (திண்டுக்கல்)
மே 7, காலை 11.20

ஃப்ரிட்ஜ் என்று எழுத விட்டுவிட்டேன், என் தவறுதான். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தால் இன்னும் நல்லது.

அரைவேக்காடு பற்றி மட்டும் என் பேச்சை மாற்றமாட்டேன். முதல் தடவை கரி மூட்டுகிறவர், பசியோடு இரண்டு பையன்கள். ருசி கொஞ்சம் குறைந்தாலும் உள்ளே வெந்திருப்பது முக்கியம். குக்கர் பிடிக்காவிட்டால் இட்லிச்சட்டியில் ஆவியில் பத்து நிமிஷம் வையுங்கள், ஆனால் ஆவியில் எடுத்த உடனே தணலுக்குப் போகவேண்டும், நடுவில் ஆறவைக்கக்கூடாது. எப்படிச் சுட்டாலும் எலும்பை ஒட்டிக் கத்தியால் கீறிப் பாருங்கள். சாறு தெளிவாக வரவேண்டும், சதையில் இளஞ்சிவப்பு இருக்கக்கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் சதையின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்டவேண்டும். பச்சைக்கறி வைத்த தட்டில் சுட்டதை எடுத்து வைக்காதீர்கள்.

கொக்குவில் (யாழ்ப்பாணம்)
மே 7, மாலை 4.30

அக்கா, கத்தரிக்காய் சுடுவதென்றால் எங்களின் சம்பலையும் ஒருக்கால் செய்து பாருங்கோ. பெரிய கத்தரிக்காயாக எடுத்து, கத்தியால் நாலைந்து இடத்தில் குத்தி, எண்ணெய் பூசித் தணலில் சுட வேண்டும். குத்தாவிட்டால் வெடித்து முகத்தில் பறக்கும். தோல் முழுக்கக் கருகி, உள்ளே குழைந்ததும் தோலை உரித்து மசித்துப் போடுங்கோ. பொடியாக வெட்டின சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கெட்டியான தேங்காய் முதற்பால் ஒரு சின்னக் கோப்பை. தேசிக்காய்ப் புளியை (உங்கட எலுமிச்சைச் சாறுதான்) கடைசியாக, சாப்பிட இருக்கும் நேரத்தில் விடுங்கோ. முந்தி விட்டால் பால் திரைந்துவிடும். புட்டோடும் சோறோடும் நல்லா இருக்கும். தேங்காய்ப்பால் சேர்த்ததால் அன்றிரவே முடிக்கவேண்டும், அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம்.

என் அம்மம்மா விறகு அடுப்பில் சமையல் முடிந்ததும் மிஞ்சின தணலுக்குள் கத்தரிக்காயைத் தள்ளிவிட்டுப் போவா. புகை மணம் இல்லாத கத்தரிக்காய்ச் சம்பலை அவ தொடமாட்டா.

ஏழாவது தளம் (சென்னை)
மே 7, மாலை 6.10

மொட்டைமாடியைப் பூட்டிவைத்திருக்கிற அடுக்குமாடியில் இருக்கிறேன். எனக்கும் சேர்த்து யாராவது சொல்வார்களா?

விடியற்காலை (சேலம்)
மே 7, மாலை 6.45

சொல்கிறேன். காஸ் பர்னர் மேல் ஃபுல்கா வலை வைத்துக் கத்திரிக்காய், மக்காச்சோளம், அப்பளம், தக்காளி எல்லாமே சுடலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். கத்திரிக்காய்ச் சாறு பர்னர் ஓட்டையில் இறங்காமல் திருப்பிக்கொண்டே இருங்கள். இரும்புத் தோசைக்கல்லைப் புகை வரும்வரை காயவைத்து அன்னாசித் துண்டுகளை மிளகாய்த்தூள் உப்புத் தூவிப் போட்டால், இரண்டு பக்கமும் வரி விழுந்து மெரினாவில் நின்று சாப்பிடுகிற மாதிரி இருக்கும். பனீருக்கும் அதே கல். இதையும் காலை ஆறு மணிக்குள் முடித்துவிட்டால் ராத்திரி வெறும் எடுத்து வைக்கிற வேலைதான்.

குமுட்டி (கும்பகோணம்)
மே 8, காலை 6.20

மாடிவீட்டம்மா, ஞாயிற்றுக்கிழமைக்கு வரிசை எழுதித் தருகிறேன். இதில் வரிசைதான் எல்லாம்.

தணல் பூத்ததும் முதலில் கத்திரிக்காய். அதற்குத்தான் நெருப்பு உக்கிரமாக இருக்கவேண்டும், இளஞ்சூட்டில் வைத்தால் அவிந்துபோகும், புகை மணம் ஏறாது. ஆறு காய் போடுங்கள், மூன்று அன்றைக்கு, மூன்று மறுநாளைக்கு. கூடவே மக்காச்சோளம், குடைமிளகாய், முழு வெங்காயம். வலை சுத்தமாக இருக்கும்போதே இவற்றை எடுத்துவிட்டால் உங்கள் மாமியாருக்கு வேறு அடுப்பு வேண்டாம். நிம்மதியாக முதல் பந்தி அவருக்குப் போடலாம்.

அப்புறம் கரி கொஞ்சம் சேர்த்து, அதுவும் பூத்தபின் கோழியும் மீனும்.

அவை இறங்கும்போது தணல் தணிந்திருக்கும். அப்போது வரமிளகாய், கருவாடு சாப்பிடுகிறவர்களுக்குக் கருவாடு. அப்பளத்தை இடுக்கியில் பிடித்து விநாடிக்கு ஒருதரம் திருப்பவேண்டும்.

எல்லாம் முடிந்தபின் சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, வெந்நீறும் பொடித்தணலும் இருக்கிற ஓரத்தில் புதைத்துவிடுங்கள். முக்கால் மணியில் வெந்துவிடும். பெரிய தணல்களை இடுக்கியால் பொறுக்கி மண்சட்டியில் போட்டு இறுக மூடினால் காற்றில்லாமல் அணைந்துவிடும், அடுத்த தடவை அந்தக் கரி இன்னும் சீக்கிரம் பிடிக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்தால் சாம்பல் கொதித்து மேலே தெறிக்கும், கரியும் வீண்.

மாடிவீட்டுக்காரி (வேலூர்)
மே 11, காலை 11.10

நேற்று ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நல்லபடியாக முடிந்தது. விவரமாகச் சொல்லவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

கீழ்வீட்டில் முன்னாலேயே சொல்லிவிட்டோம். மாடியில் காயப்போட்டிருந்த துணிகளை அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். தளத்தில் மத்தியானச் சூடு இருந்ததால் ஐந்தரைக்கு நாலு வாளித் தண்ணீர் தெளித்தோம். மணலும் செங்கலும் பக்கத்தில் கட்டடவேலை நடக்கிற இடத்தில் கேட்டு வாங்கினோம். முதல் பதினைந்து நிமிஷம் வெறும் புகை. கணவர் விசிறியை வைத்துவிட்டு இறங்கப் பார்த்தார், கரிமூட்டம் தம்பி எழுதியதை வாசித்துக் காட்டி நிறுத்திவைத்தேன். நாற்பதாவது நிமிஷம் சாம்பல் பூத்தது. பெரியவன்தான் முதலில் பார்த்துக் கத்தினான்.

கத்திரிக்காய் உரிக்கும்போது வந்த வாசத்தை எப்படிச் சொல்வது! மாமியார் கட்டைச்சுவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, இதைத் திருப்பு, அதை எடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாழ்ப்பாணச் சம்பலை அவரே பிசைந்தார். இரண்டு கரண்டிக்கு மேல் குழம்பு ஊற்றிக்கொள்ளாதவர் நேற்று மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கோழி இட்லிச்சட்டியில் பத்து நிமிஷம், உடனே தணலில். கறிச்சட்டி அண்ணா பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. அப்படியும் ஒரு கால்துண்டில் எலும்போரம் சிவப்பாக இருந்தது, திரும்ப வைத்து எடுத்தேன். ஜிலேபி மீனில் ஒன்று இலை கிழிந்து வலையோடு ஒட்டிக்கொண்டது, மற்ற இரண்டும் பூ மாதிரி வந்தன. அடுத்த தடவை இரண்டு சுற்று இலை வைக்கவேண்டும்.

இன்று காலை பழைய சோறு. மீதி மூன்று கத்திரிக்காயும் ராத்திரியே ஃப்ரிட்ஜுக்குப் போயிருந்தன. அவற்றைத் தயிரில் மசித்து, பச்சை மிளகாயும் உப்பும் போட்டுப் பச்சடி. மத்தியானத்துக்குத் தெர்மல் குக்கரில் சாதம் இறங்கியிருக்கிறது, சுட்ட மிளகாய் நொறுக்கிப் பச்சைப்புளி ரசம் மேடையில் இருக்கிறது. மணி பதினொன்று. விடியற்காலையில் பன்னிரண்டு நிமிஷம் எரிந்ததோடு சரி, அடுப்படியில் இன்றைக்கு நெருப்பே இல்லை. ஐந்து நாளுக்கு முன் இதே நேரத்தில் புடவை முழுக்க வேர்வையாக நின்றுகொண்டிருந்தேன்.

சின்னவன் காலையில் சாம்பலைக் கிளறி, நாங்கள் மறந்துவிட்ட ஒரு கிழங்கைக் கண்டுபிடித்தான். மேலே கரியாக இருந்ததால் தூரப்போடச் சொன்னேன். அவன் பிளந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் மனசில்லாமல் போட்டான். அடுத்த தடவை தனக்கென்று இரண்டு புதைக்கவேண்டுமாம்.

குமுட்டி அம்மா, ஒரு கேள்வி. இங்கே பானை விற்கிறவரிடம் களிமண் குமுட்டி இருக்கிறது. வாங்கினால் உடனே கரி போடலாமா?

குமுட்டி (கும்பகோணம்)
மே 11, மதியம் 12.30

உடனே போடக்கூடாது. புது மண்ணில் ஈரம் இருக்கும், ஒரேயடியாகச் சூடேறினால் விரிசல் விடும். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள், உங்கள் மாடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் நாள் ஒரு கைப்பிடி கரி மட்டும் போட்டு மெதுவாகச் சூடாக்கி, தானாக ஆறவிடுங்கள். நாலாம் நாள் அப்பளம் சுடுங்கள். முதல் அப்பளம் உங்கள் மாமியாருக்கு, நான் கொடுத்ததாகச் சொல்லிக் கொடுங்கள்.